குறுந்தகட்டில் ஓதலைப் பதிவோர் கவனத்திற்கு



குன்னூரின் ஈரக்காற்று ஒலிநாடாக்களுக்குப் பெரும்பகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப்பின் அலமாரியைத் திறந்தால், நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கக் காணலாம். மறைந்த பாட்டனாரின் கிராஅத், வளைகுடாவிலிருந்து வாப்பா பேசியனுப்பிய நாடா, நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பாடல்கள் யாவும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் பாடலைத் திரும்பவும் வாங்கிவிடலாம். வாப்பாவின் குரலை எங்கே வாங்குவது? ஆகவேதான், குறுந்தகட்டில் ஏற்றுவதற்கு நல்ல ரைட்டர் எதுவென்று பலரும் வினவுகின்றனர்.

கைப்பேசி இருக்கையில் தகடு எதற்கு என்பாரும் உளர். ஆயத்தின் நடுவே சோப்பு விளம்பரம் புகுந்ததைக் கேட்டவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள்!

முதலில் ஓர் உண்மையை உள்ளத்தில் இருத்துங்கள். ரைட்டர் குரலுக்கு இனிமை சேர்க்காது. குறுந்தகட்டில் ஒலி, விநாடிக்கு 44,100 அளவீடுகளாக எண்களில் பதிகிறது. கொடுத்த எண்களைப் பிழையின்றி எழுதுவதே ரைட்டரின் கடமை. நாடாவிலிருந்து எடுக்கும்போதே கெட்டுவிட்ட ஓசையை விலையுயர்ந்த எந்தக் கருவியும் மீட்டுத்தராது. எனவே பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே ஓட்டாதீர்கள். அப்பூஞ்சை டேப்பின் ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவையும் கெடுக்கும். டேப்பிலிருந்து கம்பி வழியாகவே கணினிக்கு ஒலியைக் கொண்டு செல்லுங்கள். ஸ்பீக்கர் முன் கைப்பேசியை வைத்துப் பதிவது வீண் வேலை. எம்.பி.3 ஆகச் சுருக்காமல், வேவ் கோப்பாகவே வையுங்கள். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 எம்.பி. இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தமிழில் 'ஸ' என்னும் ஓரெழுத்தால் நாம் எழுதுவதை அரபி மொழி ஸே, ஸீன், ஸாத் என மூன்றாகப் பிரித்தறிகிறது. அளவுக்கு மீறிச் சுருக்கிய கோப்பில் முதலில் மங்குபவை இத்தகைய மெல்லிய ஓசைகளே. எகிப்தின் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்கள் 1961-இல் முழுத் திருமறையையும் தர்த்தீலாக ஓதிப் பதிவு செய்தளித்தது, மக்கள் கேட்டுத் திருத்தமாக ஓதவேண்டும் என்பதற்காகவே. மக்ரஜ் தெளிவாகக் கேளாத பதிவைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், பிள்ளை பிழையையே பாடமாக்கும்.

இனி ரைட்டருக்கு வருவோம். 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்னும் முறையில், தகடு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதவல்லதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு பகுதியாக நிறுத்தி எழுதும் முறையில் இடையிடையே 2 விநாடி மௌனம் விழும். பாடலுக்கு அது கேடில்லை. தொடர்ந்தோதும் ஸூராவிலோ, வக்ஃபு இல்லாத இடத்தில் ஓதல் அறுந்து நிற்கும். ரைட்டரோடு, எழுதும் மென்பொருளும் இம்முறைக்கு இடமளிக்க வேண்டும்.

அடுத்தது பிழைக் கணக்கு. குறுந்தகட்டில் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. முதற்படியில் தென்படும் சி1 பிழைகள் விநாடிக்குச் சராசரி 220-க்குள் இருக்கவேண்டும் என்பது தர விதி. நல்ல தகட்டில் இதனினும் மிகக் குறைவாகவே இருக்கும். சி2 பிழை ஒன்றுகூட இருத்தலாகாது. எழுதியபின் இவற்றை எண்ணிக்காட்டும் ரைட்டர்கள் சிலவே. பழைய பிளெக்ஸ்டர், லைட்-ஆன் கருவிகள் பலவற்றில் இவ்வசதி இருந்தது. யமஹா நிறுவனம் 2002-இல் வெளியிட்ட சி.ஆர்.டபிள்யூ.-எஃப்1, இசைக்கென்றே குழிகளை நீட்டி எழுதிற்று. அவ்வாறு எழுதினால் 74 நிமிடத் தகட்டில் 63 நிமிடமே கொள்ளும். அந்நிறுவனம் அத்தொழிலை விட்டுவிட்டது. பழைய சந்தையில் அக்கருவியைத் தேடி அலைவது நமக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. லேசர் தேய்ந்த பழையதைவிடப் புதிய சாதாரணக் கருவியே மேல். மேசைக் கணினி உடையோர் முழு அளவு ரைட்டரையே வாங்கலாம். மடிக்கணினிக்கு மெலிந்த யு.எஸ்.பி. வகை போதும்.

மெதுவாக எழுதினால் தரம் கூடும் என்பது பாதி உண்மை. இன்றைய தகடுகளின் சாயம் வேகமான எழுத்துக்கெனச் செய்யப்பட்டது. 16 அல்லது 24 மடங்கு வேகத்தில் ஒன்றை எழுதி, வீட்டிலுள்ள பழைய பிளேயரில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தகட்டிலும் கவனம் வேண்டும். பெயர்பெற்ற ஜப்பானியத் தயாரிப்பாளரான தையோ யூதன் 2015-இல் இத்தொழிலைக் கைவிட்டது. அப்பெயரில் இன்று விற்கப்படுவதை ஐயத்தோடு நோக்குங்கள். ஒவ்வொரு பதிவையும் இரு தகடுகளில் எழுதி, ஒன்றைச் சமவெளியிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். வேவ் கோப்பு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும்.

தகட்டின் மேற்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெயரெழுத வேண்டாம். அங்குதான் பூச்சு மிக மெல்லியது. வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும். நம் மலையில் வெயிலைவிட ஈரமே அதிகமாதலால், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிட்ட மூடிய டப்பாவில் தகடுகளை நிறுத்தி வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள்.