தாரா தேவியின் முன்னே

கோடைகாலத்தில் இலண்டன் மாநகரில் பொழுது எளிதில் சாய்வதில்லை. ஆனி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வானில் வெளிச்சம் நிற்கும். சென்ற ஆண்டு அத்தகைய நீண்ட பகலொன்றில், கோடை வகுப்புக்கு வந்திருந்த பல நாட்டு மாணவர் பதினைவர் நகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர். அவர்களுக்குத் துணையாகச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

காலையில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கோபுரக் கோட்டைக்குச் சென்றோம். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் மன்னன் எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. அங்குள்ள மணிமுடியொன்றில் கோகினூர் வைரம் ஒளிர்கின்றது. பஞ்சாப் மாணவன் ஒருவன் நண்பர்களை நிறுத்தி அதன் வரலாற்றைக் கூறினான். 1849ஆம் ஆண்டு இலாகூர் உடன்படிக்கையால் அவ்வைரத்தை இழந்த துலீப் சிங் மன்னனுக்கு அப்போது வயது பத்தே என்று அவன் சொன்னபோது அனைவரும் வாயடைத்து நின்றனர்.

பிற்பகலில் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தோம். 1753இல் நிறுவப்பட்ட அதன் நிரந்தரக் காட்சிகளைக் காணக் கட்டணம் இல்லை. எகிப்திய மாணவி ஒருத்தி றொசெற்றாக் கல்லின் முன் நின்று, 1822இல் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் துணைகொண்டு பண்டை எகிப்திய எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்தியதை விளக்கினாள்.

அப்பால் ஆசிய மண்டபத்தில், பொன்முலாம் பூசிய வெண்கலத் திருவுருவம் ஒன்று எங்களைத் தடுத்து நிறுத்தியது. உயரம் 143 சென்ரிமீற்றர். மெல்லிய இடை, அருள்புரியும் வலக்கரம். மகாயான பௌத்தர் போற்றும் தாரா தேவி! ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டினது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டது. 1812 முதல் 1820 வரை இலங்கையில் தேசாதிபதியாயிருந்த பிரவுன்றிக், 1830இல் இதனை நூதனசாலைக்கு அளித்தார்.

எங்கள் குழுவில் மட்டக்களப்பு மாணவி ஒருத்தியும் இருந்தாள். "உங்கள் ஊர்ப் பக்கத்துச் சிலையாயிற்றே, இதன் கதையைச் சொல்" என்று எல்லோரும் அவளைச் சூழ்ந்தனர். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் குறிப்புப் பலகையைப் படித்துத்தான் இரண்டொரு சொல் கூறினேன்.

திரும்பும் வழியில், இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் மாணவரிடையே விவாதம் மூண்டது. இத்தகைய பொருள்களை அவ்வந்நாட்டிற்கே திருப்பித் தரவேண்டும் என்றனர் சிலர். 1963ஆம் ஆண்டுச் சட்டம் நூதனசாலையின் கைகளைப் பெரிதும் கட்டியுள்ளது என்றனர் வேறு சிலர். மட்டக்களப்பு மாணவி மட்டும் பேசவில்லை. இறங்கும் வேளையில், "சேர், அவளை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே" என்றாள்.

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவன் நான். இலண்டன் கோட்டையின் கதையை மாணவர்க்குப் பலமுறை சொன்னதுண்டு. தாரா தேவியின் பெயரை ஒருமுறையேனும் உச்சரித்ததில்லை. அக்குற்றம் அச்சிறுமியுடையதன்று, என்னுடையது.

மாணவர்களே, பிறநாட்டு நகரங்களைக் காணும் வாய்ப்பு வந்தால் தவறாது சென்று காணுங்கள். ஆனால் புறப்படுமுன் உங்கள் ஊரின் பழங்கதையைப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். தாரா தேவி திரும்பி வருவாளோ, அறியேன். வந்தாலும், அவளை அறியாதார் நடுவே அவள் அந்நியளாகத்தானே நிற்பாள்?

ஊர் திரும்பியபின் நான் நடத்திய முதற் பாடம் அவளைப் பற்றியதே.