கட்டடம் பசுமையாம்... நிக்கிற இடம் கழுவெளி!



ஓ.எம்.ஆர் பக்கம் போனா எந்த ஹோர்டிங்கைப் பார்த்தாலும் ஒரே வார்த்தைதான்: "பசுமைக் கட்டடம்". மாடியில சோலார், லாபியில நாலு தொட்டிச் செடி, சுவத்துல ஃபிரேம் போட்ட சான்றிதழ். எல்லாம் சரி. நாம கேட்கிறது ஒரே கேள்வி: அந்தக் கட்டடம் எது மேல நிக்குது?

பள்ளிக்கரணையை எடுத்துக்குவோம். நம்ம பெரியவங்க அதைக் கழுவெளின்னு சொன்னாங்க. தென்சென்னையைச் சுத்தியுள்ள ஏரிகள் நிரம்பி வழிஞ்சா தண்ணி இங்கதான் வந்து சேரும். கொஞ்ச நாள் தங்கும், நிலத்துக்குள்ள இறங்கும். மிச்சம் ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்துல கடல்ல கலக்கும். ஒரு ரூபாய் கரண்ட் செலவு இல்லாம ஓடுற வெள்ளத் தடுப்புத் திட்டம் இது!

1960-கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல பரந்து கிடந்த நிலம். 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்போ கணக்குல வந்தது 1,247 ஹெக்டேர். மிச்சத்தை யார் தின்னது? குப்பைக்கிடங்கு, சாலை, ரயில் பாதை, அரசு நிறுவனங்கள், ஐ.டி பூங்கா, அடுக்குமாடி. எதுக்கெடுத்தாலும் "குடிசைக்காரன் ஆக்கிரமிச்சுட்டான்"னு சொல்றவங்க இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிக்கணும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். தாழ்வான ஒரு ஏக்கர்ல ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டுறாங்கன்னு வைங்க. ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். அப்போ சுமார் 6,000 கன மீட்டர் இடம் அடைபட்டுப் போச்சு. அதாவது 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில 500 லாரி! மழை வர்றப்போ இந்த 500 லாரித் தண்ணி எங்க போகும்? மண் கொட்ட காசில்லாத பக்கத்துத் தெருவுக்குள்ளதான் போகும். 2015-லயும் பார்த்தோம், 2023 மிக்ஜாம் புயல்லயும் பார்த்தோம். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்கள்ல படகு ஓடுச்சே, மறந்துட்டோமா?

"எங்க காம்பவுண்டுல மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கே"ன்னு பில்டர் சொல்லுவார். 2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்குன மாநிலம் இது, அதுல நமக்குப் பெருமைதான். ஆனா சதுப்பு நிலத்துல அடைமழைக் காலத்துல நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்துல வந்து நிக்கும். குழியே நிறைஞ்சு கிடக்கும்போது அது எதைக் குடிக்கும்?

சரி, சான்றிதழ் கொடுக்கிறவங்க இதையெல்லாம் பார்க்க மாட்டாங்களா? உலகம் முழுக்கப் பேசப்படுற லீட் மதிப்பீட்டை எடுத்துக்குங்க. அதோட 4-ஆம் பதிப்புல புதுக் கட்டடத்துக்கு மொத்தம் 110 புள்ளி. 80 எடுத்தா பிளாட்டினம். ஈரநிலம், வெள்ளச் சமவெளி மாதிரியான இடத்தைத் தவிர்த்துக் கட்டினா எத்தனை புள்ளி தெரியுமா? ஒண்ணு. சைக்கிள் நிறுத்த வசதி செஞ்சு கொடுத்தாலும் அதே ஒண்ணு! கழுவெளியைக் காப்பாத்துறதும் சைக்கிள் ஸ்டாண்டும் ஒரே தட்டுல. அந்த ஒரு புள்ளியை விட்டுட்டாலும் பிளாட்டினம் வாங்கிடலாம். இப்படி ஒரு சான்றிதழைக் காட்டித்தான் சதுர அடிக்குக் கூடுதல் விலை வைக்கிறாங்க.

இன்னொரு கொடுமை. கூவம், அடையாறு கரையில இருந்த மக்களை "வெள்ள அபாயம்"னு சொல்லிக் கிளப்பி எங்க கொண்டுபோய் வச்சாங்க? பெரும்பாக்கத்துல! ஆத்து வெள்ளத்துல இருந்து காப்பாத்தி, கழுவெளி வெள்ளத்துல விட்டதுக்குப் பேர் மறுவாழ்வா? ஏழைக்கு வீடு வேணும்தான். ஆனா மேடான, வேலைக்குப் பக்கமான நிலத்துல வேணும். நல்ல நிலம் காசுக்காரனுக்கு, தண்ணி நிக்கிற நிலம் ஏழைக்குன்னு யார் எழுதின சட்டம் இது?

"அப்போ கட்டடமே கட்டக் கூடாதா? வளர்ச்சிக்கு எதிரியா?"ன்னு கமெண்ட்டுல வருவாங்க. அவங்களை திருவனந்தபுரம் போய் வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்க்கச் சொல்லுங்க. 1970-கள்ல லாரி பேக்கர் கட்டினது. சரிவை வெட்டிச் சமப்படுத்தல, சரிவுக்கு ஏத்த மாதிரி கட்டடத்தை வளைச்சார். மரத்துக்கு வழிவிட்டார். செங்கல்லைப் பக்கவாட்டுல நிறுத்தி, நடுவுல இடைவெளி விட்டுச் சுவர் எழுப்புற முறையை நாடு முழுக்கப் பரப்பினவர் அவர். அதுல செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், உள்ளே சூடும் குறைவு. நம்ம ஊர்லயோ கத்திரி வெயிலுக்கு நேரா கண்ணாடிச் சுவரை நிறுத்திட்டு, உள்ளே வர்ற சூட்டை விரட்ட நாள் முழுக்க ஏ.சி ஓட்டுறாங்க. இதுக்கும் பசுமைன்னு பேர்!

யார் ஆட்சியில இருந்தாலும் நம்ம கோரிக்கை ஒண்ணுதான்:

👉 2017 ஈரநில விதிகள்படி, சராசரி உச்ச வெள்ள மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டுமானம் கூடாது. இந்த எல்லையைக் கல் நட்டுக் காட்டுங்க. காகிதத்துல மட்டும் வச்சுக்காதீங்க.

👉 தண்ணி ஓடுற பாதையை மறிக்கிற கட்டடத்துக்கு எந்தப் பசுமைச் சான்றிதழ் இருந்தாலும் கூடுதல் தளப்பரப்புச் சலுகை கொடுக்காதீங்க.

👉 ஏரி, ஓடை, கழுவெளின்னு பழைய வருவாய்ப் பதிவேட்டுல இருந்த சர்வே எண்களை மொத்தமா பொதுவுல வெளியிடுங்க.

வீடு வாங்கப் போற தம்பி தங்கைகளே! டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்க. பக்கத்து டீக்கடையில "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?"ன்னு கேளுங்க. பட்டா இருக்கிறதால தண்ணி வராம இருக்காது. அதுக்கு சர்வே எண் தெரியாது, பள்ளம் மட்டும்தான் தெரியும். இருபது வருஷ இ.எம்.ஐ உங்களோடது. யோசிச்சு கையெழுத்துப் போடுங்க.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி எல்லாருக்கும் போய்ச் சேரணும். பகிருங்கள்!

#பள்ளிக்கரணை #கழுவெளியைக்_காப்போம் #தண்ணிக்கு_வழிவிடு