மூச்சு இடுப்புக்குள் போகுமா?



முதுகுவலிக்காக என் ராத்தா சென்ற ஆண்டு ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தார். மருத்துவரின் யோசனைப்படிதான் சேர்ந்தார். பெண்களுக்கெனத் தனி நேரம், பெண் ஆசிரியை; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வாரமே நின்றுவிட்டார். வலி பொறுக்காமல் அன்று, சொற்கள் பொறுக்காமல். "மூச்சை இடுப்புக்குள் செலுத்துங்கள்", "உடலை முறுக்கி நச்சைப் பிழிந்து வெளியேற்றுங்கள்", "இதயத்தைத் திறந்து பிரபஞ்சத்திடம் ஒப்படையுங்கள்". இவற்றுக்கு என்ன பொருள் என்று ராத்தா கேட்டதற்கு, "பொருள் தேடாதீர்கள், உணருங்கள்" என்பதே பதில்.

பொருள் தேடத்தான் வேண்டும். நாம் உள்ளிழுக்கும் காற்று நுரையீரலைத் தாண்டி இடுப்புக்கோ தொடைக்கோ செல்வதில்லை. 'மூச்சை விடும்போது இடுப்புத் தசையைத் தளர விடுங்கள்' என்பதே அவர் சொல்ல வந்தது. அதை அப்படியே சொன்னால் என்ன குறைந்துவிடும்? உடலின் கழிவை அகற்றுபவை கல்லீரலும் சிறுநீரகங்களும். ஈரத்துணியைப் போல் பிழிந்தெடுக்க நம் வயிற்றுக்குள் எதுவும் இல்லை. இதைச் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம்தான். ஆனால் நச்செல்லாம் போய்விட்டது என்று நம்பிச் சர்க்கரை மாத்திரையைத் தாமே குறைத்துக்கொள்ளும் ஒருவருக்கு இது சிரிப்புக்குரிய செய்தி அன்று.

இன்னொரு வகைச் சொற்கள் ஈமானைத் தொடுபவை. 'நமஸ்தே' என்பதற்கு 'உமக்கு வணக்கம்' என்பதே நேர்ப்பொருள். வகுப்பின் முடிவில் கண்களை மூடச் சொல்லி, "என்னுள் இருக்கும் தெய்வீகம் உங்களுள் இருக்கும் தெய்வீகத்தை வணங்குகிறது" என்று விளக்கும்போது அது முகமனாக நிற்பதில்லை; ஒரு கொள்கை அறிக்கையாகிவிடுகிறது. சூரிய நமஸ்காரத்தின்போது சூரியனின் பன்னிரண்டு பெயர்களை 'நம' என்ற வணக்கச் சொல்லுடன் ஓதுவதும் அவ்வாறே. அந்தக் கொள்கை உடையோர் அதைச் சொல்லட்டும். அது அவர்கள் உரிமை. முதுகுவலிக்கு வந்தவரிடம் "இது வெறும் உடற்பயிற்சி" என்று சேர்த்துக்கொண்டு, அவர் வாயிலும் அதை வரவழைப்பதைத்தான் நேர்மையற்றது என்கிறேன்.

சொல் இல்லாமல் பயிற்சி இல்லை என்பாரும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993இல் பள்ளிகளில் யோகாவைத் தடை செய்தது. 2021இல் தடையைத் தளர்த்தியபோது, ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்களே இருக்க வேண்டும், மந்திரமும் நமஸ்தேயும் கூடாது என்று சட்டமியற்றியது. கலிபோர்னியாவின் என்சினிடாஸ் நகரப் பள்ளிகளில் பத்மாசனத்துக்கு மழலையர் வழக்கிலுள்ள ஒரு பெயரைச் சூட்டினார்கள். (நம் வீட்டு வழக்கில் வெறும் சம்மணம்!) பெயர் மாறியும் கால்கள் முன்போலவே மடங்கின.

நம்மவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. குனிந்தாலே ருகூஉ, நெற்றி தரையில் பட்டாலே ஸுஜூது என்று பதறி, உடலை வளைப்பதையே ஷிர்க் என்று தீர்ப்பளிப்போர் நிய்யத்தை மறந்துவிடுகிறார்கள். இந்தோனேசிய உலமா சபை 2009இல் மந்திரமும் வழிபாடும் கலந்த யோகாவைத்தான் விலக்கியது. வெறும் உடற்பயிற்சியை அன்று. மறுபுறம், "வாயால்தானே சொல்கிறோம், மனத்தால் இல்லையே" என்று தோளைக் குலுக்குவோர் அல்பகரா அத்தியாயத்தின் 104ஆம் வசனத்தை எடுத்துப் பார்க்கட்டும். 'ராயினா' என்பது கெட்ட சொல்லன்று. ஆயினும் அதைத் திரித்துப் பழிக்க இடமிருந்ததால் அதை விட்டு 'உன்ளுர்னா' என்று சொல்லுமாறு இறைநம்பிக்கையாளருக்குக் கட்டளை வந்தது. நல்ல எண்ணத்துடன் சொன்ன நபித்தோழர்களுக்கே அந்தக் கட்டளை என்றால், பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்வதை நாம் எப்படி அற்பமாக எண்ண முடியும்?

ராத்தா இப்போது ஓர் இயன்முறை மருத்துவரிடம் செல்கிறார். பயிற்சிகளில் பாதி, வகுப்பில் செய்தவையே. "மல்லாந்து படுங்கள், முழங்காலை மடக்குங்கள், இடுப்பை நான்கு விரல் உயர்த்திப் பத்து எண்ணுங்கள்" என்கிறார் அந்த அம்மையார். வலி குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வகுப்பில் கிடைத்த தோழிகளை இழந்ததுதான் ராத்தாவுக்கு வருத்தம். முன்பணமாகக் கட்டிய மூன்று மாதக் கட்டணம் இன்னும் திரும்பி வரவில்லை.