காலுக்கடியில் வெயில்

தோவாளைக்குப் போய்ப் பூ வாங்காமல் திரும்பினவர் உண்டா? நானும் விடியற்காலையில் சந்தைக்குள் நுழைந்து, பிச்சியும் கொழுந்தும் வாங்கிக்கொண்டுதான் அந்த ஆச்சியின் வீட்டுப் படியேறினேன்.

"குளிச்சிட்டு வா மக்கா, வெந்நி மாடியிலேருந்து வருது" என்றார். குழாயைத் திருகினால் கை பொசுங்குகிறது! நேற்றைய வெயிலில் காய்ந்த தண்ணீர், சூடு வெளியேறாதபடி பொதிந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறாமல் இருந்திருக்கிறது.

அந்த வெந்நீரால்தான் வீட்டில் ஒரு மனஸ்தாபம். ஆச்சியின் மகள் ஜெர்மனியில், மூனிச் நகரில் இருக்கிறாள். பழைய வீடொன்றை வாங்கி, தரையைப் பெயர்த்து, அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கிறார்கள். பேரன் தவழும் பருவம். தரை ஜில்லென்று இருக்கலாமா? "நம்ம வீடு மாதிரி கூரையிலே சூரிய வெந்நி வச்சா போதும், கேஸ் பாய்லர் எதுக்கு?" என்று ஆச்சி போனில் சொல்ல, மருமகன் சிரித்துவிட்டாராம். "நீ பத்திரிகைக்காரியில்லா, நீயே சொல்லு" என்று வழக்கு என்னிடம் வந்தது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் குளிர் தேசத்தில் இருக்கலாமே, நீங்களும் கேளுங்கள்.

தரையைச் சூடாக்குவது புதுமையல்ல. கொரியாவில் அடுப்புப் புகையைக் கல் தரைக்கு அடியில் ஓடவிட்டுக் குளிரை ஓட்டினார்கள். 'ஒண்டோல்' என்று பெயர். இன்று புகைக்குப் பதில் வெந்நீர். சிக்குக் கோலம் போட்டாற்போல் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, மேலே சிமெண்டு பூசிவிடுகிறார்கள். சுவரோரத்துப் பழைய ரேடியேட்டருக்கு 60, 70 டிகிரி வெந்நீர் வேண்டும். தரைக்கோ 35, 40 டிகிரியே போதும். மந்தமான வெயிலும் அந்த அளவுக்குத் தண்ணீரைக் காய்ச்சிவிடும். இதுவரை ஆச்சி பக்கமே நியாயம்!

ஆனால் டிசம்பர் நடுப்பகலில் தோவாளையில் சூரியன் அடிவானத்திலிருந்து 58 டிகிரி உயரத்தில் நிற்கிறான். மூனிச்சில் வெறும் 18 டிகிரி. பகலும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மேகம் வேறு. தரைக்குச் சூடு அதிகம் வேண்டிய மாதத்தில்தான் வெயில் கையை விரிக்கிறது. சுவரும் ஜன்னலும் சூட்டை விடாத நல்ல வீட்டிலேயே, வருஷத்துச் சூட்டில் ஏறக்குறைய கால்பங்குதான் சூரியனிடம் கிடைக்கும். மிச்சத்துக்குப் பாய்லரோ ஹீட் பம்ப்போ வேண்டும்.

கூரை முழுக்கப் பலகை வைத்தால்? ஜூலையில் அத்தனை சூட்டையும் யார் தலையில் கொட்டுவது? பலகைக்குள்ளேயே கொதித்து, குளிரில் உறையாமலிருக்கச் சேர்த்த திரவமும் கெட்டுப்போகும்.

மகளுக்கு நான் எழுதிக்கொடுத்தது இது: குளிக்கும் தண்ணீரும் தரைக்குள் ஓடும் தண்ணீரும் கலக்கவே கூடாது, தொட்டிக்குள் சுருள் குழாய் வழியே சூடு மட்டும் மாறட்டும். தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டாதபடி கலவை வால்வு அவசியம். குழந்தையின் முழங்கால் அல்லவா! தாழ்ந்த சூரியனைப் பிடிக்கப் பலகையை நன்றாக நிமிர்த்தி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே, குழாய்க்குக் கீழே சூடு இறங்காத தகட்டை விரிக்கட்டும். இல்லாவிட்டால் கொடுத்த காசெல்லாம் மண்ணுக்குத்தான்.

ஆச்சி வெற்றிலையை மடித்தபடி யோசித்தார்.

"அப்போ நான் சொன்னதிலே கால்வாசி சரி. அப்படித்தானே மக்கா?"

"அப்படித்தான் ஆச்சி."

"அந்தக் கால்வாசியை மருமகன்கிட்ட நீயே சொல்லிரு" என்று போனை என் கையில் கொடுத்தார்.