சீமைப் படிப்பும் நம் மண்ணின் கடனும்

பிறநாட்டுப் பல்கலைக்கழகமே பிள்ளைகளுக்கு விமோசனம் என்று உடுப்பிட்டியில் இன்று பேசாத வீடில்லை. அக்கல்வியால் வரும் நன்மையை நாம் மறுக்கவில்லை. அயலூராகிய கரவெட்டியிற் பிறந்த சிவத்தம்பியும் அவர்தம் தோழர் கைலாசபதியும் பேர்மிங்காம் சென்று மார்க்ஸிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்தனர். கிரேக்கத்தோடு பண்டைத் தமிழை ஒப்புநோக்கும் பார்வை அவ்வாறு நமக்குக் கிடைத்தது. இருவரும் மீண்டு வந்தனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது கைலாசபதியே முதல் தலைவர். சிவத்தம்பியும் பின்னர் அங்கே பேராசிரியரானார்.

இன்றோ கல்வி விலைப்பண்டம். பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்நாட்டாரினும் பன்மடங்கு கட்டணம் அந்நிய மாணவர்மீது சுமத்தப்படுகின்றது. இங்கே காணி ஈட்டிற் போகின்றது. அங்கே பகல் விரிவுரை, இரவு கடைவேலை. கடன் தீருமுன் திரும்புவது எங்ஙனம்? தீர்ந்தபின் திரும்புவோர் எத்தனைபேர்?

மாணவனைப் பழிப்பது நீதியன்று. 1945இல் இலவசக் கல்வி கதவைத் திறந்தது. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் பலருக்கு அதனைச் சாத்தியது. இன்றும் உயர்தரத்திலே தகுதி பெற்றோருட் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடி எஞ்சிய நம்பிக்கையையும் குலைத்தது. உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் பதின்மூன்றாண்டு வளர்த்த அறிவைச் செல்வநாடுகள் கட்டணமும் பெற்றுக் கவர்ந்துகொள்கின்றன. இதனை முன்னேற்றம் என்பதா, சுரண்டல் என்பதா?

ஆசிரியர்களே, மாணவர்களே! இங்கே மேலும் இடங்களைக் கேட்போம். செல்வோர்க்குப் பொதுப்பணத்திற் புலமைப்பரிசிலும், மீள்வோர்க்கு உரிய பதவியும் கேட்போம். காணி விற்றவன் மகன் மட்டும் கற்கும் கல்வி சமூகத்தின் கல்வியாகாது.