பெரிய எஞ்சினா? சின்ன எஞ்சினா?



போன வாரம் இதே சுவரில், "எஞ்சின் எவ்வளவு பெருசோ, கார் அவ்வளவு வேகம்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் பழைய கார்களை வாங்கி, எஞ்சினை மாற்றி, டிராக் ரேஸ் ஓட்டுகிறவர்களைப் பற்றிய கட்டுரை அது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் என்னால ஒத்துக்க முடியலை. அதனால்தான் இந்தப் பதில்.

டிராக் ரேஸில் வளைவே கிடையாது. நேர் ரோடு, கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கே வெற்றி.

இதற்குப் பலரும் ஆசைப்படும் பழைய கார் 1955 மாடல் செவ்ரலே. அந்தக் கம்பெனியின் 'ஸ்மால் பிளாக்' வி-8 எஞ்சின் 4.3 லிட்டரில் முதன்முதலாக வந்ததும் அந்தக் காரில்தான். பிறகு 1965-ல் 6.5 லிட்டர் 'பிக் பிளாக்' வந்தது. ஒரு வேடிக்கை கேளுங்க: 1970-ல் ஸ்மால் பிளாக்கிலேயே 6.6 லிட்டர் வந்துவிட்டது! 'சின்னது' அந்தப் 'பெருசை'விடப் பெருசு! ஏன்னா, பெயர் எஞ்சினின் வெளி உடம்பைப் பார்த்து வைத்தது, உள்ளே இருக்கும் கொள்ளளவைப் பார்த்து அல்ல.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இரண்டும் வார்ப்பிரும்பு என்றால், பெரியது ஏறத்தாழ 50 கிலோ கூடுதல். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையைக் காரின் மூக்கில் கட்டின மாதிரி! நியூட்டனின் இரண்டாம் விதியை நினைச்சுப் பாருங்க. விசை கூடுகிறது சரி, நிறையும் கூடுகிறதே? அதுமட்டுமா, இந்தக் காரைத் தள்ளுவது பின் சக்கரம். பாரம் முன்னால் போனால் பின் டயருக்குப் பிடிப்பு குறையும். டயர் நின்ற இடத்திலேயே சுத்தும், புகைதான் வரும்.

செலவும் எஞ்சினோடு நிற்காது. அந்தப் பலத்தைத் தாங்க கியர்பாக்ஸ், பின் அச்சு, ரேடியேட்டர் எல்லாம் மாத்தணும். இடம் போதாமல் பாடியை வெட்ட வேண்டியும் வரலாம். 1955 கார் இனி தயாராகப் போவதில்லை. வெட்டின தகடு திரும்ப முளைக்குமா?

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. பெரிய எஞ்சின் அதிகம் சுற்றாமலே பலம் தரும். சின்னதை அதே பலத்துக்கு விரட்டி விரட்டிச் சுற்ற வைத்தால் சீக்கிரம் தேயும்.

இரண்டையும் ஓட்டிக் காட்டிய ஒருவர் இருக்கிறார். பில் ஜென்கின்ஸ், செல்லப்பெயர் 'கிரம்பி' (சிடுமூஞ்சி!). 1970-ல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் போட்டியில், 7 லிட்டர் பிக் பிளாக் போட்ட கமேரோவில் 'புரோ ஸ்டாக்' பிரிவில் ஜெயித்தார். 1972-ல் அதே பொமோனா, அதே பிரிவு. இந்த முறை குட்டி வேகா காரில் 5.4 லிட்டர் ஸ்மால் பிளாக். அப்பவும் ஜெயித்தார்! எஞ்சின் சின்னதாக இருந்தால் காரின் எடையும் குறைவாக இருக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. மனுஷன் அதைப் படித்துப் பார்த்துக் கார் கட்டினார். 1982-ல் விதி மாறி எல்லாருக்கும் 8.2 லிட்டர் வரை என்று ஆனதும், பெரிய எஞ்சின்கள் திரும்பி வந்தன.

ஆகவே ஜெயித்தது பெருசும் இல்லை, சின்னதும் இல்லை. பொருத்தம்தான் ஜெயித்தது! விதி என்ன, டயர் என்ன, கையில் காசு எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எஞ்சினைத் தேடணும். அளவான காசும் ஒரு பழைய காரும் வைத்திருப்பவருக்கு என் ஓட்டு ஸ்மால் பிளாக்குக்கே. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்!

நண்பர் மறுத்து எழுதினால் சந்தோஷம். அடுத்த வாரம் இதே சுவரில் சந்திப்போம்!

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்