ஒத்திகையின் வேகம்

மோட்டார்ப் பந்தயப் பருவம் தொடங்குமுன்னரே, ஒத்திகை நேரங்களைக் கொண்டு வெற்றியாளரை முடிவு செய்துவிடுகின்றனர் நம் கல்முனை இளைஞர். 2019ஆம் ஆண்டை அவர்கட்கு நினைவூட்டுகிறேன். பார்சிலோனா ஒத்திகையில் பெராரியின் வெட்டல் முதல்வர். மெர்சிடிஸின் ஹமில்டன் 0.003 விநாடியே பிந்தினார். ரசிகர் ஆர்ப்பரித்தனர். மார்ச் 17இல் மெல்பேர்னில் வென்றதோ மெர்சிடிஸின் பொட்டாஸ், ஹமில்டன் இரண்டாமவர், வெட்டல் நான்காமவர்.

ஒத்திகையில் எவர் எவ்வளவு எரிபொருள் சுமந்தோடினார் என்பதை வெளியார் அறியார். 10 கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி இழப்பு. சுமையறியாது வேகத்தை அளத்தல் பேதைமை.

இளைஞரை மட்டும் குறைகூறேன். ஆசிரியனாகிய நானும் மாதிரிப் பரீட்சைப் புள்ளியை நம்பி ஒரு மாணவனை மந்தன் என்றேன். விடியுமுன் வாப்பாவுடன் கரைவலை இழுத்துவிட்டு வந்தவன் அவன்.